முற்றத்துத் தணல் அணையலாமா?

விருந்தோம்பலைப் பற்றி மலர்களில் எழுதப் புகுவோர் வள்ளுவப் பெருந்தகையின் அதிகாரத்திலிருந்து தொடங்குவதே மரபு. அம்மரபை மதித்துக்கொண்டே, இக்கட்டுரையை எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பதினான்கு இரும்புக் கம்பிகளிலிருந்து தொடங்க விரும்புகிறேன். ஒவ்வொன்றும் இரண்டடி நீளம். ஒரு முனையில் கூர், மறுமுனையில் வளையம். 1970களில் எங்கள் பாட்டனார் திருவேற்காட்டில் வீடு கட்டிக் குடியேறியபோது, பூந்தமல்லியில் கொல்லர் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்தவை அவை. நோன்புப் பெருநாள் மாலையில், அஸர் தொழுகை முடிந்தபின், முற்றத்தில் செங்கல் அடுக்கிக் கரியிட்டுத் தணலாக்கி, அக்கம்பிகளில் கோழி இறைச்சியைக் கோத்துச் சுட்டு, உற்றாரும் அண்டை அயலாரும் சூழ்ந்திருந்து உண்பது எங்கள் குடும்பத்தின் வழக்கம்.

2018ஆம் ஆண்டு தொடங்கி ஆறு பெருநாள்கள் அக்கம்பிகள் பரணைவிட்டு இறங்கவில்லை. பாட்டனார் மறைந்து ஈராண்டுகள் சென்றபின் பாகப்பிரிவினை நடந்தது. வீட்டின் பக்கத்தே ஓடும் நான்கடிச் சந்து எவர் பங்கைச் சேர்ந்தது என்பதில் என் தந்தையாருக்கும் பெரியத்தாவுக்கும் மனத்தாங்கல் உண்டாயிற்று. பேச்சு நின்றது. முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. பெருநாள் மாலைகளில் சாலையோரக் கடை ஒன்றிலிருந்து சுட்ட கோழிப் பொட்டலங்கள் வந்தன. ஒரே கடை, ஒரே சுவை, ஒரே பையன் இரு கதவுகளையும் தட்டிக் கொடுத்துச் சென்றான். சுவரின் இருபுறமும் அண்ணனும் தம்பியும் தனித்தனியே உண்டார்கள்.

இந்நிலை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. பாகப்பிரிவினை இல்லாத வீடுகளிலும் பொட்டலம் வந்துவிட்டது; முற்றத்துத் தணல் அணைந்து வருகிறது. இஃது அணையலாமா என்பதே ஈண்டு நான் எழுப்பும் வினா. அணையலாகாது என்பது என் கருத்து. அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகக் கூற முற்படுகிறேன்.

மேனாட்டு நாகரிகமா?

தணலில் கோழி சுடும் வழக்கத்தை இன்று ‘பார்பிக்யூ’ என்னும் பெயரால் அறிந்துள்ள இளைஞர்கள், இது மேலை நாட்டிலிருந்து இறக்குமதியான பொழுதுபோக்கு என்று எண்ணுகிறார்கள். பெரியவர்களில் சிலரும் அவ்வாறே எண்ணி முகம் சுளிக்கிறார்கள். சொல் வெளியிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் மொழியிலிருந்து ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற சொல் அது. நம் நகரக் கடைப் பலகைகளில் காணப்படும் ‘அல்ஃபஹம்’ என்பதும் அரபுச் சொல்லே; அதன் பொருள் ‘கரி’ என்பதாகும். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் அச்சுவையையும் பெயரையும் உடன் கொணர்ந்தனர்.

பெயர்தான் புதிது, செயல் பழைமையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில், கரிகாற் சோழன் தன்னை நாடி வந்த பொருநர்க்கு இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியை மேன்மேலும் ஊட்டிய செய்தியை முடத்தாமக் கண்ணியார் பாடியுள்ளார். இரவும் பகலும் தின்று தின்று, புன்செயை உழுது தேய்ந்த கொழுமுனைபோல் பற்கள் மழுங்கிவிட்டன என்று அப்பொருநன் கூறுவதாக அமைந்த பகுதி, வகுப்பறையில் மாணவர்களைச் சிரிக்க வைப்பதாகும்.

நம் பகுதியோடு இன்னும் நெருங்கிய சான்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலின் தலைவன், காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். திருவேற்காடும் அத்தொண்டை நாட்டைச் சேர்ந்ததே. பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியில் எந்தெந்த ஊரில் என்னென்ன உணவு பெறுவான் என்று நூல் சொல்லிக்கொண்டே போகிறது. சோர்வறியாத உழவர் வாழும் பேரூரில் அவனுக்குக் கிடைப்பது வெண்ணெல் சோறும், வீட்டில் வளர்ந்த பெட்டைக்கோழியின் சுட்ட இறைச்சியும் ஆகும். ‘அளகு’ என்று பெட்டைக்கோழியையும், ‘வாட்டு’ என்று சுட்ட இறைச்சியையும் புலவர் குறித்துள்ளார். அந்தணர் இல்லத்தில் அவன் பெறுவது வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும் சோறுமாகும். எந்த வீட்டு உணவையும் புலவர் தாழ்த்தவில்லை. அவரவர் அடுப்பில் உள்ளதை அவரவர் மனமுவந்து தருகின்றனர் என்பதே அங்குப் போற்றப்படுகிறது. ஆகவே, முற்றத்தில் கோழி சுட்டு விருந்தினர்க்கு இடுபவன் தொண்டை நாட்டு உழவன் செய்ததையே செய்கிறான்.

விருந்தின் நெறி

விருந்தோம்பலுக்கு எடுத்துக்காட்டாக நம் மார்க்கத்தில் முதலில் நினைக்கப்படுபவர் இப்ராஹீம் நபி (அலை) அவர்கள். அறியாத விருந்தினர் வாயிலில் வந்து நின்றபோது, அவர்கள் பொரித்த கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்து வைத்த செய்தியைத் திருக்குர்ஆனின் 11ஆவது அத்தியாயமாகிய ‘ஹூது’ கூறுகிறது. 51ஆவது அத்தியாயத்திலும் இந்நிகழ்ச்சி வருகிறது. அங்கு, அவர்கள் சத்தமின்றித் தம் வீட்டாரிடம் சென்று, கொழுத்த கன்றைத் தாமே கொணர்ந்து விருந்தினர் முன் வைத்ததாகக் காண்கிறோம். விளம்பரமில்லை, பணியாளரை ஏவவில்லை, காத்திருக்க வைத்துப் பெருமை பேசவுமில்லை. ஆணத்தில் சற்று நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும். பொருள் மிகுந்திருந்தால்தான் விருந்து என்னும் சாக்கை அவ்வறிவுரை நீக்கிவிடுகிறது.

எங்கள் ஊருக்கும் இவ்வகையில் ஒரு பெருமை உண்டு. அறுபத்து மூவருள் ஒருவராகிய மூர்க்க நாயனார் திருவேற்காட்டில் தோன்றியவர். அடியார்க்கு உணவளிப்பதையே நோன்பாகக் கொண்டு, கைப்பொருள் அனைத்தும் தீர்ந்தபின்னரும் அதை விடாதவர். பொருளீட்டச் சூதாடினார் என்பது நாம் பின்பற்றத்தக்கதன்று. ஆயினும், பிறர் உண்டபின்னரே தாம் உண்பது என்னும் அவரது உறுதியை அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் பதிவு செய்துள்ளார். சமயம் வேறாயினும், வந்தவர்க்குச் சோறிடாமல் தான் உண்ண மனம் ஒப்பாத மண் இது என்று பாட்டனார் அடிக்கடி கூறுவார்.

பாட்டனார் வகுத்த ஒழுங்குகள்

அவர் பெரிய படிப்புப் படித்தவரல்லர். எனினும் அந்த ஒரு மாலைக்கென அவர் வகுத்திருந்த ஒழுங்குகள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை.

முதலாவது, அன்று அடுப்படியில் ஆண்களே நிற்க வேண்டும். ரமலான் முழுவதும் ஸஹருக்கு எழுந்து சமைத்தும், இஃப்தாருக்குக் கஞ்சி காய்ச்சியும் களைத்த பெண்கள் அன்று பாயில் அமர்ந்திருப்பார்கள். இஞ்சியும் பூண்டும் மிளகும் காய்ந்த மிளகாயும் அரைத்துத் தயிரில் குழைக்கும் வேலை மட்டும் பாட்டியாரிடமே இருந்தது. அந்த அளவில் எங்கள் மரபும் குறையுடையதே என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது, முதற்கம்பி வீட்டாருக்கன்று. அது பக்கத்து வீடுகளுக்கும், தெருமுனையில் தனித்திருந்த மூதாட்டிக்கும், அவ்வாண்டு எவரேனும் வீட்டில் வேலை செய்திருந்தால் அவருக்கும் போகும். இறைச்சி உண்ணாத வீட்டிற்குத் தட்டில் பழமும் சேமியாப் பாயசமும் செல்லும்.

மூன்றாவது, தணல் எரியும்போது வழக்குப் பேசலாகாது. கடன், நிலம், சீர்வரிசை ஆகிய எவற்றையும் அன்று எடுக்கக் கூடாது.

நான்காவது ஒழுங்கே என் உள்ளத்தில் மிகவும் பதிந்தது. நம் பெருநாள் பிறைக் கணக்கைச் சார்ந்ததாதலின், ஆண்டுதோறும் சற்றேறக்குறைய 11 நாள் முன்னதாக வருகிறது. 2013, 2014, 2015 ஆகிய மூன்றாண்டுகளிலும் நோன்புப் பெருநாள் ஆடி மாதத்தில் அமைந்தது. தேவி கருமாரியம்மன் கோயில் உள்ள ஊரில் ஆடி மாதம் என்றால் கேட்க வேண்டுவதில்லை. அண்டை வீட்டார் விரதமிருந்து கூழ் வார்க்கும் காலம் அது. இறைச்சிப் புகை அவர்கள் வீட்டுள் புகலாகாது என்று கருதிய பாட்டனார், அம்மூன்றாண்டுகளும் எவரும் கேளாமலே தணலை ஆவணிக்குத் தள்ளிவைத்தார். “நம்ம வீட்டுச் சந்தோஷம் அடுத்த வீட்டுக்குத் தொந்தரவாகக் கூடாது” என்பதற்கு மேல் அவர் விளக்கம் எதுவும் கூறவில்லை. ஆவணியில் தணல் மூட்டிய மாலையில், பக்கத்து வீட்டுப் பெரியவர் எலுமிச்சம்பழக் கூடையோடு வந்து திண்ணையில் அமர்ந்தார். அவர் இறைச்சி உண்பவரல்லர். விசிறி வீசிக் கொடுத்துக் கொண்டிருந்தார். நல்லிணக்கம் பற்றி மேடைகளில் நான் கேட்ட உரைகள் பல. அந்த விசிறியை மிஞ்சிய உரையை இன்றுவரை கேட்டிலேன்.

கடையால் தர இயலாதது

இதற்கு மறுப்புரைப்போர் கூறும் காரணங்கள் மூன்று: நேரமில்லை, இடமில்லை, கடையில் எளிதாகக் கிடைக்கும்போது ஏன் இத்தனை பாடு? இவற்றைப் புறந்தள்ள இயலாது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பணிமுறை மாறி மாறி உழைப்போர் மிகுந்த பகுதி இது. தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்களாகி வருகின்றன. பாட்டனார் காலத்தில் நாட்டுக்கோழி விருந்தாளி வந்தால் மட்டுமே அடிக்கப்படுவது. இன்றோ, பல்லடம் வட்டாரப் பண்ணைகளில் ஆறு வாரத்திற்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ எடைக்கு வளர்க்கப்படும் கறிக்கோழி, எந்நாளும் எவரும் உண்ணும் பொருளாகிவிட்டது. அரிதாயிருந்தது எளிதானதில் ஏழைக்கு நன்மையே. கடைக்காரரும் உழைத்துப் பிழைப்பவரே. அவரை நான் குறைகூற வரவில்லை.

எனினும் இரண்டு கருத்துகளை இங்குச் சொல்லியாக வேண்டும். ஒன்று, நலம் பற்றியது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்தார். சுட்ட கோழியோடு தரப்படும், பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. நம் கண்ணெதிரே வேகும் உணவில் நமக்குள்ள தெளிவு பொட்டலத்தில் இல்லை என்பதை இவை உணர்த்துகின்றன.

மற்றொன்று, இதனினும் முதன்மையானது. தணலில் கோழி வேகச் சற்றேறக்குறைய முக்கால் மணி நேரமாகிறது. அந்நேரம் முழுவதும் எவரும் எழுந்து போக இயலாது. ஒருவர் கம்பியைத் திருப்ப வேண்டும், ஒருவர் விசிற வேண்டும், ஒருவர் வாழைமட்டையின் நுனியை நைத்து நல்லெண்ணெய் தடவ வேண்டும், சிறுவர்கள் “வெந்துவிட்டதா?” என்று கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பேச்சு பிறக்கிறது. பொட்டலமோ பிரித்தவுடன் தீர்ந்துவிடுகிறது. கடை நமக்குக் கோழியைத் தருகிறது. அந்த முக்கால் மணி நேரத்தைத் தருவதில்லை.

தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர் 24 மரபுரிமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் எல்லா மக்களும் தணலைச் சுற்றிக் கூடி இறைச்சி சுட்டு உண்ண வேண்டும் என்னும் இயக்கம் ஒன்று தோன்றியபோது, 2007இல் அதன் புரவலராயிருக்க இசைந்தவர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ. நிறவெறியால் பிளவுண்ட நாட்டை ஒன்றுசேர்க்கப் பாடுபட்டு நோபல் பரிசு பெற்றவர், இத்தகைய எளிய செயலுக்குத் தம் பெயரைத் தந்தமை எண்ணத்தக்கது. நிறத்தாலும் மொழியாலும் வேறுபட்டோரும் ஒரு தணலைச் சுற்றி அமர முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சில எச்சரிக்கைகள்

மரபு என்பதற்காக மடமையைக் காக்க வேண்டுவதில்லை. கரித்தணலை மூடிய அறைக்குள் வைத்தல் உயிருக்கே கேடு. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. திறந்த வெளியிலேயே மூட்ட வேண்டும். சுவாலை அடங்கிக் கரியின்மேல் சாம்பல் நிறம் பூத்த பின்னரே கம்பியை வைக்க வேண்டும். கொழுப்பு நேரே நெருப்பில் சொட்டிப் புகை கிளம்பினால் கம்பியை ஓரத்திற்கு நகர்த்த வேண்டும். கருகிய பகுதிகளில் உடலுக்கு ஒவ்வாத பொருள்கள் உண்டாகின்றன என்று அறிவியலார் கூறுகின்றனர். மசாலாவில் ஊறும் இறைச்சி குளிர்பெட்டியில் இருத்தல் நலம். எலும்போரம் சிவப்பு மாறி உள்வெப்பம் 74 பாகை செல்சியசை எட்டினால்தான் கோழி வெந்ததாகும். பச்சை இறைச்சி வைத்த தட்டிலேயே வெந்ததை வைத்தல் கூடாது.

ஆடம்பரமும் மரபுக்குக் கேடே. திருமண மண்டபங்களில் பத்து வகைக் கோழியைக் கண்முன் சுட்டுக் காட்டி, பாதியைக் குப்பையில் கொட்டுவதை நான் பரிந்துரைக்கவில்லை. வீண்விரயத்தை நம் மார்க்கம் வெறுக்கிறது. இரண்டு கோழிகள் போதும்; சூழ இருப்போர் பத்துப் பேராக இருக்கட்டும். அடுக்ககத்தில் வாழ்வோர் மொட்டைமாடியில், அனைவரது இசைவோடும், ஆண்டுக்கு ஒருமுறை கூடலாம். இசைவு கேட்கச் செல்வதே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு ஒரு வாய்ப்பன்றோ?

மீண்டும் மூண்ட தணல்

2024 ஏப்ரலில் பெருநாள் வந்தது. பெரியத்தாவின் மகனும் என் தம்பியும் கல்லூரித் தோழர்கள்போல் பழகுபவர்கள்; பெரியவர்களின் பிணக்கு அவர்களுக்கு இல்லை. யாரையும் கேளாமல் அவ்விருவரும் பரணிலிருந்து கம்பிகளை இறக்கித் துரு நீங்கத் தேய்த்தார்கள். இம்முறை மசாலாவையும் அவர்களே அரைத்தார்கள். சுவர் முற்றத்தை இரண்டாக்கியிருந்ததால் வாசற்புறத்தில் செங்கல் அடுக்கினார்கள்.

அஸர் தொழுது வந்த என் தந்தையார் ஒன்றும் பேசாமல் விசிறியை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். சற்றுப் பொறுத்துப் பெரியத்தா தம் வாயிலில் வந்து நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு, “தம்பி, அந்த ஓரத்துக் கம்பியைத் திருப்பு, கருகுது” என்றார். “சரிண்ணே” என்றார் என் தந்தையார். ஆறாண்டுகளில் அவர்கள் பேசிக்கொண்ட முதற்சொற்கள் அவை. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது புகையினால் என்று நாங்கள் அனைவரும் நம்புவதுபோல் இருந்துகொண்டோம்.

சந்து வழக்கு இன்னும் தீரவில்லை. சுவரும் இடிக்கப்படவில்லை. ஒரு மாலைத் தணல் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். ஆயினும் பெரியத்தாவுக்கு உடல்நலம் குன்றியபோது என் தந்தையார்தாம் மருத்துவமனைக்கு உடன் சென்றார். பேச்சு நின்ற வீட்டில் இது நடந்திராது.

அன்பு மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்து மரபு கோழி சுடுவதாக இல்லாமல் இருக்கலாம். பொங்கற்பானை வைப்பதாகவோ, கூழ் வார்ப்பதாகவோ, கிறித்துமசு நாளில் அப்பம் சுடுவதாகவோ இருக்கலாம். எதுவாயினும், பலர் கூடி நின்று, கை கொடுத்து, காத்திருந்து உண்ணும் வழக்கம் ஒன்று உங்கள் வீட்டில் இருந்து மறைந்திருக்குமாயின், அதன் கருவிகள் எந்தப் பரணில் கிடக்கின்றன என்று தேடிப் பாருங்கள். பெரியவர்கள் தொடங்குவார்கள் என்று காத்திராதீர்கள். எங்கள் வீட்டில் தொடங்கியவர்கள் இளைஞர்களே. சமுதாயப் பெரியோர்களே! பிள்ளைகள் தணல் மூட்டினால், “இதெல்லாம் எதற்கு?” என்று கேளாமல், வாயில்வரையேனும் வந்து நில்லுங்கள். மற்றவை தாமே நிகழும்.

முற்றத்துத் தணல் அணையலாகாது. வல்ல இறைவன் நம் இல்லங்களில் கூடி உண்ணும் பேற்றை நிலைக்கச் செய்வானாக!